தண்டவாளத்தின் ஓரத்தில் வளர்ந்த ஊர்: பிரிக்பீல்ட்ஸ்

உலகில் பல ஊர்கள் ஆற்றங்கரையில் தோன்றின. பல கடற்கரையில் தோன்றின. 19-ஆம் நூற்றாண்டில் வேறொரு வகை ஊரும் தோன்றியது. அது தண்டவாளத்தின் ஓரத்தில் வளர்ந்த ஊர். இங்கிலாந்தின் சுவிண்டன் நகரில் 1843-இல் இரயில் பட்டறை ஒன்று தொடங்கப்பட்டது. அதனை ஒட்டித் தொழிலாளர்களுக்காக ஒரு குடியிருப்பே எழுந்தது. அமெரிக்காவின் நடுமேற்குப் புல்வெளியில் உள்ள கேல்ஸ்பர்க் என்னும் சிற்றூர், 1854-இல் இரயில் வந்த பிறகு இரயில்வே நகரமாக மாறியது. தமிழ்நாட்டில் நாகப்பட்டினத்திலிருந்த இரயில் பட்டறை 1928-இல் திருச்சிராப்பள்ளிக்கு அருகே மாற்றப்பட்டபோது, பொன்மலை ஓர் இரயில்வே ஊராக வளர்ந்தது.

இத்தகைய ஊர்களுக்கு ஒரு பொதுத்தன்மை உண்டு. இரயில் வேலைக்காகப் பல இடங்களிலிருந்து மக்கள் வந்து கூடுவர். இரயில் வேலை குறைந்தால் அந்த ஊர்கள் தளர்ந்துபோகும். மலேசியாவிலும் அப்படியோர் ஊர் உண்டு. கோலாலம்பூர் மாநகரின் தெற்குப் பகுதியில், கிள்ளான் ஆற்றுக்கு மேற்கே அமைந்துள்ள பிரிக்பீல்ட்ஸ்தான் அது. இன்று அதனை ‘லிட்டில் இந்தியா’ என்று பலரும் அறிவர். ஆனால், அந்த ஊர் எப்படி உருவானது, இரயில் வேலை குறைந்த பின்னும் அது எப்படி நிலைத்தது என்பதைச் சிலரே அறிவர்.

செங்கல்லில் தொடங்கிய கதை

1857-இல் கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் கூடும் இடத்தில் கோலாலம்பூர் தொடங்கியது. அம்பாங் பகுதியில் ஈயம் தோண்டச் சென்றவர்கள் படகில் வந்து இறங்கிய இடம் அது. தொடக்கத்தில் அங்கிருந்த வீடுகளும் கடைகளும் மரத்தாலும் அத்தாப்பு ஓலையாலும் கட்டப்பட்டவை. அவை நெருக்கமாக அமைந்திருந்தன. 1880-இல் சிலாங்கூரின் நிர்வாகத் தலைநகர் கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கு மாற்றப்பட்டது. அடுத்த ஆண்டே ஊருக்குப் பெரும் சோதனை வந்தது. 1881 ஜனவரியில் ஏற்பட்ட தீ, ஊரின் பெரும்பகுதியை அழித்தது. அதே ஆண்டின் இறுதியில் வெள்ளமும் வந்தது.

1882-இல் சிலாங்கூரின் ரெசிடெண்டாகப் பொறுப்பேற்ற பிராங்க் சுவெட்டன்ஹம், கட்டடங்களைச் செங்கல்லாலும் ஓட்டாலும் கட்ட வேண்டும் என்று வலியுறுத்தினார். ஓர் ஊரையே செங்கல்லால் மீண்டும் கட்டுவதென்றால் எத்தனை செங்கல் தேவைப்படும்! சீனர்களின் தலைவராக விளங்கிய கப்பித்தான் யாப் ஆ லோய், செங்கல் உற்பத்திக்காகப் பெரிய நிலப்பகுதி ஒன்றை வாங்கினார். களிமண் கிடைக்கும் தாழ்வான நிலம் அது. மண்ணைப் பிசைந்து, அச்சில் வார்த்து, வெயிலில் உலர்த்தி, சூளையில் சுட்டுச் செங்கற்கள் உருவாக்கப்பட்டன. செங்கல் விளைந்த அந்த வெளியே ‘பிரிக்பீல்ட்ஸ்’ என்று பெயர் பெற்றது. சூளைகள் மறைந்து நெடுங்காலமாகிவிட்டது. ஆயினும், ஊரின் பெயர் தன் முதல் தொழிலை இன்றுவரை மறக்கவில்லை.

ஈயமும் இரயிலும்

செங்கல் ஊருக்குப் பெயர் தந்தது. அதன் வாழ்வை மாற்றியதோ இரயில். அக்காலத்தில் சிலாங்கூரின் செல்வம் ஈயம். சுரங்கத்தில் எடுத்த ஈயத்தைக் கப்பலேற்றக் கடற்கரைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். ஆறோ வளைந்து வளைந்து ஓடும், மழைக்காலத்தில் பெருகும், வறண்ட காலத்தில் படகு தரைதட்டும். காட்டுப் பாதையில் மாட்டுவண்டியில் செல்வதும் எளிதன்று. எனவே, இரயில் பாதை தேவைப்பட்டது.

மலாயாவின் முதல் இரயில் பாதை 1885-இல் பேராக் மாநிலத்தில் தைப்பிங்கிற்கும் போர்ட் வெல்டிற்கும் இடையே திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டு, அதாவது 1886 செப்டம்பரில், கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் ஆற்றின் வடகரையிலுள்ள புக்கிட் கூடா வரை ஏறத்தாழ 31 கிலோமீட்டர் நீளமுள்ள பாதை திறக்கப்பட்டது. 1890-இல் ஆற்றின்மீது பாலம் அமைந்ததால் இரயில் கிள்ளான் நகருக்குள் நுழைந்தது. 1901-இல் போர்ட் சுவெட்டன்ஹம் துறைமுகம் திறக்கப்பட்டது. இன்று அதனைப் போர்ட் கிள்ளான் என்கிறோம். இவ்வாறு, ஆற்று வழியாக நாள்கணக்கில் நடந்த பயணம் இரயிலில் சில மணி நேரமாகச் சுருங்கியது.

கிள்ளானுக்குச் செல்லும் பாதையும் சிரம்பானை நோக்கித் தெற்கே செல்லும் பாதையும் கோலாலம்பூர் நிலையத்திற்குத் தெற்கே பிரிகின்றன. அந்தப் பிரிவுக்கு அருகில் அமைந்திருந்தது பிரிக்பீல்ட்ஸ். துறைமுகமும் சுரங்கமும் தலைநகரும் தண்டவாளத்தால் இணைந்தபோது, இந்த இடத்தின் மதிப்பும் உயர்ந்தது. செங்கல் வெளி, இரயில்வே ஊராக உருமாறத் தொடங்கியது.

வந்து சேர்ந்தவர்கள்

இரயில் ஓட இரும்பும் இன்ஜினும் மட்டும் போதா; மனிதர்கள் வேண்டும். காட்டை வெட்டவும், மண்மேடு அமைக்கவும், சிலிப்பர் கட்டைகளை அடுக்கித் தண்டவாளம் பதிக்கவும் உடல் உழைப்பாளர்கள் தேவைப்பட்டனர். பயணச்சீட்டு வழங்கவும், கணக்கு எழுதவும், தந்தி அனுப்பவும், நிலையத்தை நடத்தவும் ஆங்கிலம் அறிந்தவர்கள் தேவைப்பட்டனர்.

தண்டவாளம் பதிக்கும் வேலைக்குப் பெரும்பாலும் தமிழ்நாட்டிலிருந்து தொழிலாளர்கள் வந்தனர். அலுவலக வேலைகளுக்கு இலங்கையிலிருந்து, குறிப்பாக யாழ்ப்பாணத்திலிருந்து, பலர் வந்தனர். யாழ்ப்பாணத்தில் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அமெரிக்க மிஷனரிமார் பள்ளிகளை நிறுவியிருந்தனர். அதனால், ஆங்கிலம் கற்ற இளைஞர் பலர் அங்கு இருந்தனர். சிலாங்கூரின் அரசாங்கப் பொறியாளராகப் பணியாற்றிய சார்ல்ஸ் எட்வின் ஸ்பூனர், அதற்கு முன் இலங்கையில் பொதுப்பணித் துறையில் வேலை செய்தவர். 1901-இல் கூட்டரசு மலாய் மாநிலங்களின் இரயில்வே உருவானபோது அவரே அதன் தலைமை மேலாளரானார். இலங்கையை நன்கு அறிந்த அவர், அங்கிருந்து பலரை வேலைக்கு அழைத்துக்கொண்டார். கிராணி, நிலைய அதிகாரி, வரைவாளர் எனப் பல பதவிகளில் யாழ்ப்பாணத் தமிழர் அமர்ந்தனர். சிங்களவர், மலையாளிகள், தெலுங்கர், சீக்கியர் ஆகியோரும் வந்தனர். சீனர்களும் மலாய்க்காரர்களும் அண்டை வீட்டாராக வாழ்ந்தனர்.

ஒரே மொழி பேசினாலும், கிராணியின் வாழ்வும் தண்டவாளத் தொழிலாளியின் வாழ்வும் ஒன்றாக இருக்கவில்லை. ஒருவருக்கு மாதச் சம்பளமும் ஓய்வூதியமும் கிடைத்தன. மற்றவருக்குப் பெரும்பாலும் நாள்கூலிதான். ஒருவர் பிள்ளை ஆங்கிலப் பள்ளிக்குச் சென்றது. மற்றவர் பிள்ளைக்கு அந்த வாய்ப்பு அரிதாக இருந்தது. கோயில்களும் சங்கங்களும்கூடத் தனித்தனியாகவே எழுந்தன. பிரிக்பீல்ட்ஸின் வரலாற்றைச் சொல்லும்போது இந்த வேறுபாட்டையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

பெட்டிகளைப் பிரித்த களம்

பிரிக்பீல்ட்ஸின் நடுவே அமைந்திருந்தது இரயில்வே யார்டு. பயணிகள் ஏறி இறங்கும் நிலையத்தைப் பலர் பார்த்திருப்பர். யார்டு அப்படிப்பட்டதன்று. அது சரக்குப் பெட்டிகளைப் பிரித்துச் சேர்க்கும் களம். வடக்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் துறைமுகத்திலிருந்தும் வரும் இரயில்களில், வெவ்வேறு ஊர்களுக்குச் செல்ல வேண்டிய பெட்டிகள் கலந்திருக்கும். ஒன்றில் ஈயம் இருக்கும். மற்றொன்றில் இரப்பர் இருக்கும். வேறொன்றில் அரிசி மூட்டைகள் இருக்கும். அவற்றைக் கழற்றி, செல்லும் ஊர்வாரியாகப் பல பாதைகளில் நிறுத்தி, மீண்டும் புதிய தொடராகக் கோக்க வேண்டும். அஞ்சல் நிலையத்தில் கடிதங்களை ஊர்வாரியாகப் பிரிப்பதைப் போன்ற வேலைதான் இது. ஆனால், இங்கே ஒவ்வொரு ‘கடிதமும்’ பல டன் எடை கொண்டது!

இந்த வேலையில் சிறு தவறுக்கும் இடமில்லை. பாதையை மாற்றும் தொழிலாளி, நெம்புகோலைச் சரியான நேரத்தில் இழுக்க வேண்டும். பெட்டிகளை இணைப்பவர் இரண்டு பெட்டிகளுக்கு நடுவே நின்று கொக்கியை மாட்ட வேண்டும். இரவில் கைவிளக்கின் அசைவே அவர்களுக்கு மொழி. ஒரு நிறம் ‘வா’ என்றது. மற்றொரு நிறம் ‘நில்’ என்றது. மழையானாலும் பண்டிகையானாலும் வேலை நிற்காது. ஆகவே, வேலைக்காரர்கள் களத்திற்கு அருகிலேயே வாழ வேண்டியிருந்தது. இரயில்வே ஊழியர்களுக்கும் பிற அரசாங்க ஊழியர்களுக்கும் அங்கே வரிசை வரிசையாகக் குவாட்டர்ஸ்கள் கட்டப்பட்டன. ஜாலான் ரொசாரியோ, ஜாலான் சான் ஆ தோங் ஆகிய சாலைகளின் ஓரம் அமைந்த வீடுகளை மக்கள் ‘ஹண்ட்ரட் குவாட்டர்ஸ்’, அதாவது ‘நூறு வீடுகள்’ என்றே அழைத்தனர்.

இதே காலத்தில் கோலாலம்பூரின் வடபகுதியான செந்தூலில் இன்ஜின்களைப் பழுதுபார்க்கும் மாபெரும் பட்டறை எழுந்தது. 1910-இல் ஆர்தர் பெனிசன் ஹப்பக் வடிவமைத்த கோலாலம்பூர் இரயில் நிலையம், கும்பங்களும் வளைவுகளும் கொண்ட அழகிய கட்டடமாக நிறைவு பெற்றது. செந்தூலில் பட்டறை, நகர நடுவில் நிலையம், பிரிக்பீல்ட்ஸில் யார்டு என மூன்றும் சேர்ந்து தலைநகரை நாட்டின் இரயில் மையமாக்கின.

சம்பளத்தில் எழுந்த கட்டடங்கள்

வேலைக்காக வந்தவர்கள், தொடக்கத்தில் சில ஆண்டுகள் உழைத்துவிட்டு ஊர் திரும்பலாம் என்றே எண்ணியிருப்பர். ஆனால், குடும்பம் வந்தது, குழந்தைகள் பிறந்தனர், வேரூன்ற இடம் தேவைப்பட்டது. இரயில் நிர்வாகம் வீடு தந்தது. வழிபாட்டிடம், படிப்பு, கலை ஆகியவற்றை மக்களே உருவாக்கிக்கொண்டனர். மாதந்தோறும் சம்பளத்திலிருந்து ஒரு சிறு தொகையை எடுத்துவைத்து அவர்கள் எழுப்பிய நிறுவனங்களே இன்றைய பிரிக்பீல்ட்ஸின் அடையாளங்கள்.

சிங்களப் பௌத்தர்கள் 1894-இல் ஒரு சங்கத்தை அமைத்தனர். அதன் முயற்சியில் எழுந்ததே ஜாலான் பெர்ஹாலாவிலுள்ள பௌத்த மகா விகாரை. ஆண்டுதோறும் விசாக நாளில் அங்கிருந்து புறப்படும் ஊர்வலத்தைக் காணப் பல இன மக்களும் கூடுகின்றனர். அதே சாலையில் ஸ்ரீ சக்தி விநாயகர் ஆலயமும் உள்ளது. ஜாலான் ஸ்காட் பகுதியில் யாழ்ப்பாணத் தமிழர் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கந்தசுவாமி கோயிலை எழுப்பினர். அது யாழ்ப்பாணத்து நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை நினைவூட்டும். கடல் கடந்து வந்தவர்கள், தங்கள் ஊரின் ஒரு பகுதியை இங்கே அமைத்துக்கொண்டார்கள் எனலாம்.

1904-இல் விவேகானந்தா ஆசிரமம் தொடங்கப்பட்டது. ஆன்மிகத்தோடு கல்வியையும் அது தன் பணியாகக் கொண்டது. விவேகானந்தர் பெயரால் அப்பகுதியில் அமைந்த தமிழ்ப்பள்ளி, தலைமுறை தலைமுறையாக மாணவர்களை உருவாக்கி வருகிறது. தமிழ்க் கிறிஸ்தவர்கள் 1924-இல் சீயோன் லூத்தரன் தேவாலயத்தைக் கட்டினர். தமிழ் முஸ்லிம்களுக்கு மதரசாவும், சீனர்களுக்குக் கோயிலும் இதே ஊரில் உண்டு. சில நிமிடங்கள் நடந்தால் மணியோசை, பாங்கொலி, பிரித் ஓதும் ஒலி ஆகிய மூன்றையும் கேட்கக்கூடிய ஊர் இது.

மற்றொரு நிறுவனத்தையும் இங்கே குறிப்பிட வேண்டும். 1951-இல் தோன்றிய மலேசியப் பார்வையற்றோர் சங்கம் பிரிக்பீல்ட்ஸில் அமைந்துள்ளது. பயிற்சிக்காக வந்த பார்வையற்றோர் பலர் இங்கேயே தங்கி உடம்புப்பிடி நிலையங்களையும் சிறு வணிகங்களையும் நடத்துகின்றனர். நடைபாதைகளில் பதிக்கப்பட்ட, மேடுபள்ளக் கோடுகள் கொண்ட ஓடுகள் அவர்களின் கால்களுக்கு வழிகாட்டுகின்றன. வந்தவரை வாழவைக்கும் ஊர் என்பதற்கு இதனைவிடச் சான்று வேண்டுமா?

போரும் போராட்டமும்

இரயில்வே ஊரின் வாழ்வு எப்போதும் அமைதியாக ஓடவில்லை. 1942 ஜனவரியில் ஜப்பானியப் படை கோலாலம்பூரைக் கைப்பற்றியது. சோறும் துணியும் அரிதாயின. சயாமையும் பர்மாவையும் இணைக்கும் 415 கிலோமீட்டர் இரயில் பாதையை அமைக்க, மலாயாவிலிருந்து பல்லாயிரம் தொழிலாளர்கள் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் தோட்டத் தமிழர்கள். சரக்குப் பெட்டிகளில் அடைக்கப்பட்டு வடக்கே சென்றவர்களில் எண்ணற்றோர் திரும்பி வரவில்லை. மலாயாவின் கிழக்குக்கரைப் பாதையிலிருந்த தண்டவாளங்கள்கூடப் பெயர்த்து எடுக்கப்பட்டு அந்த ‘மரண இரயில்’ பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டன. வாழ்வு தந்த இரயிலே சாவுக்கும் வழியான கொடுமை அது. போரின் இறுதியில், 1945-இல், நேச நாடுகளின் விமானங்கள் செந்தூல் பட்டறையின்மீது குண்டு வீசின.

போருக்குப் பின் 1948-இல் அது மலாயன் இரயில்வே ஆனது. பின்னர் ‘கெரேத்தாப்பி தானா மெலாயு’ என்னும் பெயரைப் பெற்றது. நாடு விடுதலை பெற்ற பிறகும் நாள்கூலி முறை தொடர்ந்தது. மழையோ நோயோ வந்து வேலைக்குப் போகாவிட்டால் அன்றைய கூலி இல்லை. நாள்கூலித் தொழிலாளர்களுக்கும் மாதச் சம்பளம் வேண்டும் என்று இரயில்வே தொழிற்சங்கம் கோரியது. 1962 டிசம்பரில் தொடங்கிய வேலைநிறுத்தம் ஏறத்தாழ மூன்று வாரங்கள் நீடித்தது. முன்னொரு காலத்தில் கிராணி, கூலி எனப் பிரிந்து நின்றவர்களின் பிள்ளைகள், உரிமைக்காக ஒரே சங்கத்தில் நின்றது கவனிக்கத்தக்கது.

பிரிக்பீல்ட்ஸின் முதன்மைச் சாலைக்குத் துன் சம்பந்தனின் பெயர் பின்னர்ச் சூட்டப்பட்டது. ம.இ.கா.வின் ஐந்தாவது தலைவரான துன் வீ.தி. சம்பந்தன், தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது தொழிலாளர்கள் பத்து வெள்ளி கட்டிப் பங்குதாரர்களாகச் சேரும் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை 1960-இல் தோற்றுவித்தவர். சிறு துளிகளைச் சேர்த்துப் பெருவெள்ளமாக்கும் அந்த வழி, இந்த ஊருக்குப் புதியதன்று. இவ்வூரின் கோயில்களும் பள்ளிகளும் அப்படித்தானே எழுந்தன!

களம் மறைந்தது, நிலையம் எழுந்தது

காலம் மாறியது. சாலைகள் பெருகின. சரக்குகள் லாரிகளில் ஏறின. நிலக்கரியும் எண்ணெயும் எரித்த நீராவி இன்ஜின்களுக்குப் பதிலாக டீசல் இன்ஜின்கள் வந்தன. பின்னர் மின்சார இரயில்கள் வந்தன. பத்துப் பேர் செய்த வேலையை ஓரிருவர் செய்யும் நிலை ஏற்பட்டது. நகரின் நடுவே பரந்து கிடந்த யார்டு, நிலத்தின் விலை ஏற ஏற வேறு கண்களால் பார்க்கப்பட்டது.

பழைய யார்டு இருந்த 72 ஏக்கர் நிலத்தில் புதிய நகரப் பகுதி ஒன்று திட்டமிடப்பட்டது. ஜப்பானியக் கட்டடக் கலைஞர் கிஷோ குரோகவா வடிவமைப்பில் பங்கேற்ற கேஎல் சென்ட்ரல் நிலையம், 2001 ஏப்ரலில் திறக்கப்பட்டது. 1910 முதல் தலைநகரின் முதன்மை நிலையமாக விளங்கிய ஹப்பக்கின் கட்டடம் அந்தப் பொறுப்பைப் புதிய நிலையத்திடம் ஒப்படைத்தது. 2002-இல் விமான நிலையத்திற்கு விரைவு இரயில் ஓடத் தொடங்கியது. 2003-இல் ஜாலான் துன் சம்பந்தனின்மீது மோனோரயில் ஓடத் தொடங்கியது.

பல நாடுகளில் பட்டறையும் யார்டும் மூடப்பட்டபோது இரயில்வே ஊர்கள் சோர்ந்துபோயின. பிரிக்பீல்ட்ஸில் அப்படி நிகழவில்லை. பாதைகள் கூடும் இடம் என்னும் அதன் சிறப்பு மறையவில்லை. எனினும், ஒரு பெரிய மாற்றம் நிகழ்ந்தது. முன்பு இரயிலில் வேலை செய்தவர்களே அங்கு வாழ்ந்தனர். இப்பொழுது நாள்தோறும் பல்லாயிரம் பேர் அங்கு வந்து, வேறு இரயில் ஏறிச் செல்கின்றனர். ஊர் தங்குமிடமாக இருந்த நிலைமாறி, கடந்துபோகும் இடமாகவும் ஆனது.

2010 அக்டோபரில் மலேசியப் பிரதமரும் இந்தியப் பிரதமரும் கலந்துகொண்ட விழாவில் பிரிக்பீல்ட்ஸ் அதிகாரப்பூர்வமாக ‘லிட்டில் இந்தியா’ ஆனது. 2015 நவம்பரில் இந்தியாவின் அன்பளிப்பாகத் தோரண வாயில் திறந்துவைக்கப்பட்டது. மாலைக் கடைகளும் சேலைக் கடைகளும் வாழையிலைச் சாப்பாட்டுக் கடைகளும் சாலையை நிறைத்தன. தீபாவளிக்கு முந்திய வாரங்களில் கால் வைக்கவும் இடமிருக்காது.

எதைக் காப்பது?

வளர்ச்சி வந்தபோது ஒரு கேள்வியும் கூடவே வந்தது. பழையவற்றுள் எவற்றைக் காக்க வேண்டும்?

யார்டு போய்விட்டது. தலைமுறைகள் வாழ்ந்த ‘நூறு வீடுகள்’ புதிய கட்டுமானத்திற்காக இடிக்கப்பட்டன. அங்கே பிறந்து வளர்ந்தவர்களுக்கு அது வெறும் பழைய வீடன்று; தாத்தா இரவு வேலை முடிந்து திரும்பிய வாசல், பாட்டி கோலமிட்ட முற்றம். 2014-இல் விவேகானந்தா ஆசிரம வளாகத்தில் உயரமான அடுக்குமாடி கட்டும் திட்டம் பேசப்பட்டபோது, பொதுமக்கள் குரல் எழுப்பினர், கையெழுத்துத் திரட்டினர். 2016-இல் ஆசிரமக் கட்டடம் பாரம்பரியச் சொத்தாக அரசிதழில் அறிவிக்கப்பட்டது.

இக்கேள்விக்கு இரண்டு பக்கங்கள் உண்டு. பழைய கட்டடத்தைப் பராமரிக்கப் பணம் வேண்டும். பெருகும் மக்களுக்கு வீடு வேண்டும். நகரின் நடுவிலுள்ள நிலத்தை அப்படியே வைத்திருப்பது எளிதன்று. இவை நியாயமான வாதங்களே. மறுபுறம், ஒருமுறை இடித்ததை மீண்டும் கட்டினால் அது புதிய கட்டடமாகத்தான் இருக்கும். பழைய நினைவு அதில் குடியேறாது. சுவிண்டன் நகரில் இரயில் பட்டறை 1986-இல் மூடப்பட்டது. ஆனாலும், தொழிலாளர் வாழ்ந்த வீடுகள் இடிக்கப்படவில்லை. அவற்றில் இன்றும் மக்கள் வாழ்கின்றனர். வளர்ச்சியும் நினைவும் ஒன்றையொன்று அழிக்க வேண்டியதில்லை என்பதை அது காட்டுகிறது.

பிரிக்பீல்ட்ஸின் வரலாற்றைக் கூர்ந்து நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். இரயில் நிர்வாகம் ஊழியர்களுக்காகக் கட்டியவற்றில் பெரும்பகுதி இன்று இல்லை. யார்டு இல்லை, நூறு வீடுகள் இல்லை. ஆனால், ஊழியர்களும் ஊராரும் தங்கள் சம்பளத்தில் சிறுகச் சிறுகச் சேர்த்துக் கட்டிய விகாரையும் கோயிலும் ஆசிரமமும் தேவாலயமும் நிற்கின்றன. மேலிருந்து கொடுக்கப்பட்டது தேவை தீர்ந்ததும் எடுத்துக்கொள்ளப்பட்டது. மக்கள் சேர்ந்து உருவாக்கியதைக் காக்கவோ, மக்கள் சேர்ந்து நின்றனர். ‘ஊர் கூடித் தேர் இழுப்பது’ என்பது வெறும் பழமொழியன்று. ஓர் ஊர் நிலைப்பதற்கான வழியும் அதுவே.

இன்று கேஎல் சென்ட்ரலில் இறங்கும் பயணியின் காலடியில், முன்னாளில் சரக்குப் பெட்டிகள் பிரிந்து சேர்ந்த நிலம் இருக்கிறது. அங்கிருந்து சாலையைக் கடந்து நடந்தால், அந்தப் பெட்டிகளைக் கோத்தவர்களும் கணக்கெழுதியவர்களும் விட்டுச்சென்ற ஊர் இருக்கிறது. அதன் கதையை அறிந்து அடுத்த தலைமுறைக்குச் சொல்வதும் அதனைக் காக்கும் பணியின் ஒரு பகுதியே.

சிந்தித்து விடை எழுதுக

1. பிரிக்பீல்ட்ஸ் என்னும் பெயர் தோன்றிய காரணத்தை விளக்குக.
2. மலாயாவில் இரயில் பாதை அமைக்க ஈயம் எவ்வாறு காரணமாயிற்று?
3. கிராணியின் வாழ்வுக்கும் தண்டவாளத் தொழிலாளியின் வாழ்வுக்கும் இருந்த வேறுபாடுகள் இரண்டனைக் குறிப்பிடுக.
4. ‘மக்கள் சேர்ந்து உருவாக்கியதே நிலைக்கும்’ என்னும் கருத்தை இப்பகுதி எவ்வாறு நிறுவுகிறது? அதனுடன் நீர் உடன்படுகிறீரா? காரணம் கூறுக.
5. உமது வட்டாரத்தில் உள்ள பழைமையான கட்டடம் ஒன்றைப் பற்றி முதியவர் ஒருவரிடம் கேட்டறிந்து, ஒரு பத்தி எழுதுக.